கிரேன்காரரின் மோலியும் அண்ணியின் தண்ணீரும்

எங்கள் அண்ணி யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த தண்ணீரை உடனே குடித்துவிட மாட்டார். டம்ளரை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு மோப்பம். அதற்கப்புறம்தான் வாய். ஒருமுறை அண்ணனுடைய முதலாளி வீட்டில், கைப்பையிலிருந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டேவிட்டார். "இருநூத்தி எண்பது. பரவாயில்ல, குடிக்கலாம்" என்று அவர் சொன்னதும் அந்த வீட்டு அம்மாவின் முகம் போன போக்கை அண்ணன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான்.

அண்ணிக்கு டயாலிசிஸ் பிரிவில் வேலை. சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களின் ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இடம். பதினோரு வருஷமாக அங்கே டெக்னீஷியன். காலை ஐந்தரைக்கு, விளக்குகூடப் போடாத தாழ்வாரத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர் அறையைத் திறப்பதுதான் அவருடைய முதல் காரியம். ஓர் ஆள் ஒருமுறை படுத்து எழுந்திருப்பதற்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த மெஷின் வழியாக ஓடுமாம். அதில் குளோரின் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ரத்தம் கெட்டுப்போகும். அதனால் தினமும் ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து, ஒரு காகிதப் பட்டையை முக்கி, நிறம் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். அண்ணியின் கையெழுத்து இல்லாமல் அந்தப் பிரிவில் ஒரு மெஷினும் ஓடாது. இதை அவர் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் யாராவது குழாயைத் திறந்து அப்படியே குடித்தால் அவர் பார்க்கிற பார்வையில் எல்லாம் தெரியும்.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அண்ணன் வீட்டுச் சின்ன அறையில்தான் இருக்கிறேன். ஆகவே இந்தக் கதையில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சிகள் எல்லாம் அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் குரல் மாற்றிச் சொன்னவை. வீட்டுக் காட்சிகளுக்கு நானே சாட்சி.

திங்கள், புதன், வெள்ளி காலை, நாலாம் நம்பர் படுக்கை, கிரேன்காரர். துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர். அண்ணியை 'இன்ஜினியரம்மா' என்றுதான் கூப்பிடுவார். இவர் முன்பு வேறோர் இடத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோது, ஒருநாள் தண்ணீரில் ஏதோ கோளாறு. பாதியில் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டு, பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. "எவனோ ஒருத்தன் பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கான்" என்பார். அதிலிருந்து ஒரு பழக்கம். அன்றைய பட்டையைக் கண்ணால் பார்க்காமல் படுக்க மாட்டார். நோயாளிக்கு அதைக் காட்ட வேண்டும் என்று சட்டமொன்றும் இல்லை. ஆனாலும் நாலு வருஷமாக அண்ணி அதை ஒரு சின்ன உறையில் போட்டு அவர் படுக்கைக்குக் கொண்டுபோவார். அவர் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்ப்பார். கீழே சரக்கைக் கொக்கியில் மாட்டியவன் மேலே கிரேனுக்குக் காட்டுகிற மாதிரி கட்டை விரலை உயர்த்தி, "தூக்கு" என்பார். அப்புறம்தான் கையை நீட்டுவார்.

அந்தக் கிரேன்காரர் ஒரு திங்கட்கிழமை மூடி போட்ட வாளியோடு வந்து இறங்கினார். உள்ளே ஒரு கறுப்பு மோலி மீன். வயிறு புடைத்து, பக்கவாட்டில் பார்த்தால் சதுரமாக இருந்தது.

"எங்க கட்டடத்துல குழாயெல்லாம் மாத்தறான். ஒரு மாசம் மக வீட்டுல இருக்கணும். அங்க பூனை இருக்கு. நீ கொஞ்சம் வெச்சுக்கறியா இன்ஜினியரம்மா? ஆறு வருஷமா வளர்த்த கூட்டத்துல மிச்சம் இவ ஒருத்திதான்."

"மாசமா இருக்கா அண்ணா?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. முட்டையெல்லாம் போட மாட்டா, குட்டியாவே போடுவா. ஆம்பள செத்து ரெண்டு மாசமாச்சு. ஆனா இந்த ஜாதியில பொம்பள முன்கூட்டியே வாங்கி வெச்சுக்குவா. குட்டி பொறந்ததும் எனக்குச் சொல்லு. தண்ணிக்கு ஒண்ணும் மெனக்கெடாத. குழாய்த் தண்ணிய ஒரு நாள் வெச்சிருந்து ஊத்து, போதும்."

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், கடைசி வாக்கியத்தைத் தவிர.

சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வாளியோடு வந்து சேர்ந்தார். எனக்கு முதலில் வாடகை ஒப்பந்தம்தான் ஞாபகம் வந்தது. 'வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை' என்று அதில் ஒரு வரி உண்டு. அலமாரியிலிருந்து எடுத்து மூன்று தடவை படித்தேன். இந்த ஊர் மொழியில் அந்தச் சொல்லுக்குள் மீனும் வருமா, வராதா என்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான்.

"அது என்ன குரைக்கப் போகுதா? போய் ஏதாவது பெரிய பாத்திரம் எடு."

அண்ணி அதற்குள் வாளியில் மீட்டரை விட்டுவிட்டார். "அறுநூத்திப் பத்து! ஐயையோ. பாவம், புள்ளத்தாச்சி எந்தத் தண்ணில இருந்திருக்கா பாருங்க."

மறுநாளே பிளாஸ்டிக் செடியோடு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வந்தது, தண்ணீருக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. சாயங்காலம் மெஷின்களை நிறுத்திக் குழாய்களைக் கழுவும்போது வீணாய்ப் போகும் தண்ணீரில், பெரிய நர்ஸிடம் கேட்டுக்கொண்டு இரண்டு கேன். அம்மாவுக்கு ஒன்று, பிறக்கப்போகும் குட்டிகளுக்கு ஒன்று. கேன்களை அண்ணி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுவார். லிஃப்ட் இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை, எனவே நாலு மாடி தூக்கி வருவது அண்ணன் பொறுப்பு. கேனில் மீட்டர் காட்டியது: மூன்று. "மூணு! இந்த ஊருலயே இப்படித் தண்ணி யாருக்கும் கிடைக்காது" என்றார் அண்ணி. அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

வியாழக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் முதல் குட்டியைப் பார்த்தேன். அம்மாவின் வாலுக்கு முன்னால் ஒரு கறுப்பு உருண்டை எட்டிப் பார்த்தது. சுருண்டபடியே விழுந்து, தரையைத் தொடுவதற்குள் நிமிர்ந்து, இரண்டு கண்ணும் ஒரு வாலுமாகப் பிளாஸ்டிக் செடிக்குள் ஓடிவிட்டது. ஓர் இமை மயிரின் நீளம். அதற்கு யார் நீந்தச் சொல்லிக்கொடுத்தது என்று யோசிப்பதற்குள் அம்மா திரும்பினாள். திரும்பிய விதம் நல்லதாக இல்லை.

"அண்ணா! தின்னப் பாக்குறா!"

"பெத்தவளேவா?" அண்ணன் டீ வடிகட்டியோடு ஓடி வந்தான். அண்ணி கை கழுவிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு வந்தார், பிரசவ வார்டுக்குள் நுழைகிற மாதிரி. இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றாக வடிகட்டியில் ஏந்தி, நாலு லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினோம். எண்ணிப் பார்த்தேன்: முப்பத்து மூன்று. அண்ணன் எண்ணினான்: முப்பத்தைந்து. அண்ணி எண்ணியது முப்பத்து நாலு. அதுவே முடிவு.

குட்டிகளுக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, ஒரு தடவை தண்ணீரில் நனைத்து எடுத்தால் போதும். மேகம் மாதிரிப் பரவும், அதில் பாய்ந்து பாய்ந்து தின்னும். மஞ்சள் கரு என் வேலை. வெள்ளைக் கருவை அண்ணன் நாலு நாள் தின்றான். ஐந்தாம் நாள், "இதுங்க சீக்கிரம் வளர்ந்தா தேவல" என்றான்.

ஆனால் இரண்டாம் நாளே ஏதோ சரியில்லை. சில குட்டிகள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன, குளிரில் நடுங்குகிற குழந்தை மாதிரி. காலையில் மூன்று குட்டிகள் அடியில் கிடந்தன. அண்ணி எடுத்துப் போட்டார். "முட்டை மிஞ்சிப்போய்த் தண்ணி கெட்டிருக்கும்" என்று முழுத் தண்ணீரையும் மாற்றினார். ஆட்டம் அதிகமானது. ஹீட்டர் வாங்கினார். மறுபடி மாற்றினார். மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் ஆறு.

வெள்ளிக்கிழமை கிரேன்காரர் கேட்டார்: "என்ன, பெத்துட்டாளா?"

அன்றைக்கே மூன்று போயிருந்தன. அண்ணி வாயில் வந்தது, "இன்னும் இல்லண்ணா."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நாலு நாள் போகட்டும், குட்டிகள் தேறிவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். குட்டிகள் தேறவில்லை. பொய்தான் வளர்ந்தது. திங்கட்கிழமையும் இன்னும் இல்லை. புதன்கிழமையும் இன்னும் இல்லை.

"ஏம்மா, நான் குடுத்தது மோலியா யானையா?"

நாலாம் நம்பரிலிருந்து ஏழாம் நம்பர் வரைக்கும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். அதை எங்களுக்கு நடித்துக் காட்டும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது வேறு. பட்டையை வாங்கிய கிரேன்காரர் அதைப் பார்த்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி பட்டையைப் பார்த்தார்.

"தண்ணி சரியாத்தான இருக்கு?"

"சரியா இருக்குண்ணா. ஏன்?"

"உன் முகம் சரியில்லையே."

கட்டை விரலை உயர்த்தினார். ஆனால் 'தூக்கு' என்று சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த மனுஷன் என் தண்ணிய நம்பித்தான் கைய நீட்டறாரு. அதே தண்ணில அவரு மீன் சாகுதுன்னு தெரிஞ்சா நம்ம பிரிவுல படுக்கவே மாட்டாரு. வேற இடம்னா ரெண்டு பஸ் மாறணும், இடம் கிடைக்குதோ என்னவோ. ஒரு தடவை தள்ளிப்போனாலே அவருக்கு மூச்சு இழுக்கும்."

"கடையில முப்பத்தி நாலு குட்டி வாங்கி விட்டுடலாம்" என்றான் அண்ணன். "கறுப்பா இருக்கறதெல்லாம் ஒண்ணுதான். அவரென்ன பேரா வெச்சிருக்காரு?"

"ஏற்கனவே சொன்ன பொய்க்கே எனக்குச் சோறு இறங்கல. நீங்க வேற."

ஞாயிற்றுக்கிழமை காலை. மிச்சம் பதினொன்று. அண்ணி சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். பெரிய தொட்டியில் அம்மா, பெற்ற உடம்பு தேறி, பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னத் தொட்டியில் பதினொன்றும் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு மட்டும் நிச்சயம்" என்றார் அண்ணி. "தண்ணி காரணமா இருக்க முடியாது. அவளும் அதே தண்ணிலதான இருக்கா? அவ நல்லாத்தான இருக்கா? அப்ப இது வேற ஏதோ நோய்."

அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பர் கொஞ்சம் மேலே ஏறி முகத்தை மறைத்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்னங்கன்னு கேக்கறேன்."

பேப்பர் இறங்கியது. "ரெண்டு கேனு, நாலு மாடி, நீயே யோசிச்சுப் பாரு. குட்டிங்களுக்குள்ளத மட்டும் தூக்கிட்டு வந்தேன், சத்தியமா. சின்னஞ்சிறுசுங்களாச்சே. அவளுக்கு... பாத்ரூம் வாளில முந்தின நாள் பிடிச்சு வெச்சதை ஊத்தினேன்."

"எத்தனை நாளா?"

"கொண்டு வந்த மறுநாளிலேர்ந்து. உன் கேனெல்லாம் கீழ, உன் கண்ணுல படாத மூலைல பத்திரமா இருக்கு. ஒண்ணும் வீணாகல."

பூகம்பம் வரும் என்று நான் என் அறைப் பக்கம் நகர்ந்தேன். வரவில்லை. அண்ணி எழுந்து மீட்டரை எடுத்து அம்மாவின் தொட்டியில் விட்டார். நானூற்று முப்பது. குட்டிகளின் தொட்டியில் விட்டார். நாலு. இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தன் நெற்றியில் தானே ஓங்கி ஓர் அறை.

"அடிப்பாவி! புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்திக்கும் நான்தானடி சொல்லிக் குடுக்கறேன், வெறுந்தண்ணி ரத்தத்துக்கிட்ட போகவே கூடாதுன்னு!"

எனக்குப் புரியவில்லை. அண்ணி விளக்கினார். அவர்கள் தண்ணீரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நோயாளிக்கு அப்படியே கொடுப்பதற்கு அல்ல. எல்லாவற்றையும் எடுத்த பிறகு, உடம்புக்கு என்னென்ன உப்பு எவ்வளவு வேண்டுமோ அதை மெஷினே அளந்து கலக்கும். கலந்த பிறகுதான் அது ரத்தத்துக்கு அருகே போகும். கலக்காத தண்ணீர் பட்டால் ரத்த அணுக்கள் ஊதி உடைந்துவிடும். பதினோரு வருஷமாக அண்ணி காவல் காப்பது தண்ணீர் அறையைத்தான். உப்பு வேலையை மெஷின் பார்த்துக்கொள்கிறது. அதனால் வீட்டுக்கு வந்தபோது பாதி வேலையை மட்டும் கொண்டுவந்துவிட்டார். மோலி உப்புப் பிடித்த தண்ணீரில் வாழ்கிற ஜாதி. நாங்கள் குட்டிகளை ஒன்றுமே இல்லாத தண்ணீரில் போட்டு, அவை நடுங்க நடுங்க, இன்னும் ஒன்றுமே இல்லாத தண்ணீராக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

"அப்ப என் சோம்பேறித்தனம்தான் அவளைக் காப்பாத்திச்சு" என்றான் அண்ணன்.

"வாய மூடிட்டு அவ தொட்டியத் தூக்கி ஸ்டூல் மேல வைங்க."

ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். அண்ணி முதலுதவிப் பெட்டியைக் குடைந்து, பிரிக்காத ஸலைன் குழாய் ஒன்றை எடுத்தார். அம்மாவின் தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குட்டிகளின் தொட்டிக்கு. சின்னச் சக்கரத்தை விரலால் உருட்டி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுகளை எண்ணினார். நிமிஷத்துக்கு அறுபது. வீட்டில் அந்த ஞாயிறு முழுக்க யாரும் சத்தமாகப் பேசவில்லை. அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அரைமணிக்கு ஒருமுறை மீட்டர். நாற்பது. தொண்ணூறு. நூற்று முப்பது. மத்தியானத்துக்குள் இரண்டு குட்டிகள் போய்விட்டன. நாலு மணி வாக்கில் ஒரு குட்டி, ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தி, கண்ணாடி ஓரமாக ஒரு விரல்கடை தூரம் ஓடியது. அண்ணன் மெல்லக் கை தட்டினான். அண்ணி அவனைப் பார்த்து முறைத்தார். ஆனால் முறைப்பில் பழைய பலம் இல்லை.

திங்கட்கிழமை காலை, ஒன்பது குட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணி கிளம்பினார். "ஊசி போட்டப்பறம் சொன்னா அவரால எழுந்து போக முடியாது. அது நியாயமில்ல. முன்னாடியே சொல்லப்போறேன்" என்றார் வாசலில்.

சொன்னார். பட்டை உறையைக் கொடுப்பதற்கு முன்பே, படுக்கை ஓரத்தில் நின்றுகொண்டு, வியாழக்கிழமை பிறந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். முப்பத்து நாலு, இப்போது ஒன்பது. எந்தத் தண்ணீர், எந்தக் கேன். முடித்ததும் கிரேன்காரர் பட்டைக்காகக் கை நீட்டினார். பார்த்தார். கட்டை விரலை உயர்த்தவில்லை. போர்வையை விலக்கி எழுந்து, செருப்பை மாட்டினார்.

"அண்ணா, எங்க போறீங்க?"

"அந்த ரூமைக் காட்டு."

பதினோரு வருஷத்தில் ஒரு நோயாளியும் தண்ணீர் அறைக்குள் வந்ததில்லை. பெரிய நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரேன்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். அண்ணி ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினார். இது கரி, இங்கே குளோரின் போகும். இது இன்னொன்று. இதோ கடைசியில், மீட்டரில் மூன்று. பிறகு வெளியே அழைத்து வந்து, நாலாம் நம்பர் மெஷினுக்கு முன்னால் உப்புக் கேன்களையும், கலந்த தண்ணீரில் உப்பின் அளவைக் காட்டும் எண்ணையும் காட்டினார்.

"இந்த நம்பரை யாரு பாக்கறா?"

"மெஷின் பாக்கும். தப்பா இருந்தா கத்தும், தண்ணிய உள்ள விடாது. நானும் தனியா ஒரு மீட்டர்ல பாப்பேன்."

"மீனுக்குப் பாத்தியா?"

"இல்லண்ணா."

"ம்." படுக்கையில் உட்கார்ந்தார். "மீன் செத்ததுக்கு எனக்கு ஒண்ணும் கோவமில்ல. என் வீட்டுல முப்பது பொறந்தா நாலு மிஞ்சும். மிச்சத்த அவளே தின்னுடுவா. நான் பிரிச்செல்லாம் வெக்கறதில்ல. ஒன்பதெல்லாம் என் வாழ்நாள்ல நான் பாத்ததே கிடையாது."

அண்ணிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "அண்ணா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? பத்து நாளா நான் தூங்கல!"

"எப்படிச் சொல்றது? நீதான் இன்னும் பொறக்கவே இல்லன்னியே." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அதுக்குத்தான் கோவம். உன் மூஞ்சியப் பாத்து வெள்ளிக்கிழமை நாலு மணி நேரமும் பயந்துகிட்டே படுத்திருந்தேன். தண்ணில என்னமோ ஆயிடுச்சு, இவ மறைக்கறான்னு. மறைச்சது மீனாம்! கெட்டது கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா நான் தாங்குவேன். நீ சொல்லாம நின்னா எனக்கு எதைப் பாத்தும் நம்பிக்கை வராது."

"இனிமே சொல்வேண்ணா."

"நல்லதும் சொல்லு, கெட்டதும் சொல்லு."

"சொல்றேன்."

கிரேன்காரர் சட்டைக் கையை மடக்கி, கையைத் தலையணை மேல் வைத்தார். ஊசி போடுவதற்காக முன்பே ஆபரேஷன் செய்து வைத்திருந்த ரத்தக்குழாய் மேல் அண்ணி இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் பூனை உறுமுகிற மாதிரி அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிஷம் தாமதம். பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. 'நோயாளிக்குச் சந்தேகம் இருந்தது. பதில் சொல்லப்பட்டது' என்று எழுதினாராம்.

வழக்கமாக ஊசி போட்டதும் தூங்கிப்போகும் கிரேன்காரர் அன்றைக்குத் தூங்கவில்லை. பிரசவத்தை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். அண்ணி நடுவில் ஆறாம் நம்பருக்கு ஓடினால், திரும்பி வரும்வரை காத்திருந்து, "வடிகட்டி வரைக்கும் சொன்ன" என்று எடுத்துக் கொடுத்தார். அண்ணன் டீ வடிகட்டியோடு ஓடிவந்த கட்டத்தை இரண்டு தடவை கேட்டார்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குள் நுழைந்தபோது நான் துணியில் மஞ்சள் கருவைக் கட்டிக்கொண்டிருந்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏய், முதல் குட்டிய நீதான பாத்த? எத்தனை மணி அப்ப? வால் முதல்ல வந்துச்சா தலையா? அவரு கேட்டாரு, எனக்குத் தெரியல."

"ஆறு இருபது இருக்கும் அண்ணி. வால்தான்னு நினைக்கறேன்."

"நினைக்கறதெல்லாம் வேணாம். நிச்சயமாத் தெரிஞ்சா சொல்லு."

"மணி நிச்சயம். வால் நிச்சயமில்ல."

"சரி, அப்படியே சொல்லிடறேன்" என்றார் அண்ணி. புதன்கிழமைக்கு மறந்துவிடாமல் இருக்க, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: ஆறு இருபது, வால் தெரியவில்லை.